கறுப்புப் பட்டை அணிந்தவர்களின் வழியில்: ஜோகன்னஸ்பர்க் முதல் கேப் டவுன் வரை

திங்கள், ஜோகன்னஸ்பர்க்

விமான நிலையத்திலிருந்து கௌட்ரெயின் என்ற விரைவு ரயிலில் ஏறி, இடையில் வண்டி மாறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கினேன். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேராகக் கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுக்குப் போனேன். வேறெங்கும் முதலில் போக மனம் வரவில்லை.

எங்கள் மாவட்டத்தில் சட்டத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். முதியோர் உதவித்தொகை மனு எப்படி எழுதுவது, காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் அடுத்து எங்கே போவது என்று வக்கீல் அல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. இந்த வேலையைச் செய்கிறவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தால் அதை யார் நடத்துவது, தலைமை எப்படிக் கைமாறுவது என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னைத் துளைத்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு உலகத்தில் இருக்கும் மிக நீண்ட பதில்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவின் பிளாக் சாஷ். 1955இல் பெண்கள் தொடங்கிய அமைப்பு. சட்டப் பட்டம் இல்லாதவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து சட்டம் சொன்னார்கள், பிறகு மற்றவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுடைய தலைமையின் தடத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஒவ்வொரு நாள் இரவும் எழுதிப் பதிவிட முயல்கிறேன்.

கான்ஸ்டிட்யூஷன் ஹில் ஒரு பழைய சிறை வளாகம். 'நம்பர் ஃபோர்' என்று பேர்பெற்ற கறுப்பின ஆண்களின் சிறையும் பெண்கள் சிறையும் இன்று அருங்காட்சியகம். காந்தி 1908இல் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். ஆனால் நான் நெடுநேரம் நின்றது பாஸ் சட்டக் கைதிகளைப் பற்றிய இடத்தில்தான். தன் பெயர், இனம், வேலை, முதலாளியின் கையெழுத்து எல்லாம் அடங்கிய புத்தகம் கையில் இல்லை என்பதற்காகச் சிறைப்பட்டவர்கள் அவர்கள். 1916 முதல் 1984 வரை 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேலானோர் இப்படிக் கைதானார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். கொலை, களவு எதுவும் இல்லை. வேலை தேடி நகரத்துக்கு வந்ததே குற்றம்.

விசாரணைக் கைதிகளை அடைத்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கற்களைக் கொண்டே பக்கத்தில் அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டியிருக்கிறார்கள். 2004இல் திறந்தார்கள். நீதிபதிகளின் இருக்கைக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு கண்ணாடிப் பட்டை. வெளியே நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும் அதில் தெரிகின்றன. தெருவில் போகிறவரின் கால் மட்டத்தில்தான் நீதிபதியின் தலை இருக்கிறது. இந்த மன்றத்தில்தான் 2017இல் பிளாக் சாஷ் அறக்கட்டளை அரசின் மீது வழக்குத் தொடுத்தது. அதைக் கேப் டவுன் போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய், ஜோகன்னஸ்பர்க்

விட்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கல்லன் நூலகத்தில் ஹிஸ்டாரிகல் பேப்பர்ஸ் என்ற ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிளாக் சாஷின் கூட்டக் குறிப்புகள், மாநாட்டு அறிக்கைகள், ஆலோசனை அலுவலகத்தின் ஆண்டறிக்கைகள் எல்லாம் பெட்டி பெட்டியாக அங்கே உள்ளன. நாள் முழுவதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொடக்கத்தைச் சொல்கிறேன். 1955இல் பிரதமர் ஸ்ட்ரெய்டமின் அரசு நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினர் எண்ணிக்கையை 48இலிருந்து 89ஆக உயர்த்த முனைந்தது. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையைச் செயற்கையாக உண்டாக்கி, கேப் மாகாணத்தில் கலப்பின மக்களைப் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்குவதுதான் நோக்கம். மே 19 அன்று ஜோகன்னஸ்பர்கில் ஆறு வெள்ளையினப் பெண்கள் தேநீருக்குக் கூடினார்கள். ஜீன் சின்க்ளேர், ரூத் ஃபோலி, எலிசபெத் மெக்லாரன், டெர்ஷியா பைபஸ், ஜீன் போசாசா, ஹெலன் நியூட்டன்-தாம்ப்சன். ஒரு வாரத்துக்குள் நகர மண்டபத்துக்கு ஊர்வலம், பிறகு நாடெங்கும் கையெழுத்து இயக்கம். செத்துப்போன அரசியலமைப்புக்கு இழவு காக்கும் அடையாளமாகத் தோளின் குறுக்கே கறுப்புப் பட்டை அணிந்துகொண்டார்கள். அமைச்சர்கள் எங்கே போனாலும் வாசலில் தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள். செய்தித்தாள்கள் வைத்த 'பிளாக் சாஷ்' என்ற பெயரே நிலைத்தது. முதல் தலைவர் ரூத் ஃபோலி.

அந்தப் போராட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். 1956இல் கலப்பின வாக்காளர்கள் நீக்கப்பட்டுவிட்டார்கள். வந்து குவிந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு சங்கத்தின் தலைமை எத்தகையது என்பது கூட்டம் கலைந்த பிறகுதான் தெரியும் என்று நினைக்கிறேன். எஞ்சியவர்கள் கொடி பிடிப்பதோடு நிற்காமல், கைதாகிறவர்களின் பக்கம் திரும்பினார்கள். 1958இல் கேப் டவுனில் முதல் ஆலோசனை அலுவலகம் திறந்தது. பாஸ் இல்லாமல் கைதான பெண்களை ஜாமீனில் எடுப்பதற்காகத் தொடங்கிய சிறிய அறை அது. 1960களில் ஜோகன்னஸ்பர்கிலும் வந்தது.

1961 முதல் 1975 வரை தலைவராக இருந்தவர் ஜீன் சின்க்ளேர். அமைப்பின் மிகவும் வறண்ட ஆண்டுகள் அவை. 1960இல் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைக் காவலர்கள் சுட்டுக் கொன்ற ஷார்ப்வில்லுக்குப் பிறகு நாடே வாய்மூடிக் கிடந்தது. அவருக்குப் பின் வந்தவர் அவருடைய மகள் ஷீனா டங்கன். தாய்க்குப் பிறகு மகள் என்றதும் நமக்கு எழும் சந்தேகம் எனக்கும் எழுந்தது. அறிக்கைகளைப் படித்ததும் அது போய்விட்டது. ஷீனா 1963இல் சங்கத்தில் சேர்ந்தார். தலைவர் ஆவதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் ஜோகன்னஸ்பர்க் ஆலோசனை அலுவலகத்தின் மேசையில் உட்கார்ந்திருந்தவர். எடின்பரோவில் மனையியல் படித்து ஆசிரியர் தகுதி பெற்றவர். சட்டக் கல்லூரியின் படி மிதித்ததில்லை. ஆனால் பாஸ் சட்டத்தின் துணை விதிகளில் அவருக்கு இருந்த பிடி வழக்கறிஞர்களை வியக்க வைத்தது. சட்டத்தை எளிய மொழியில் சிறு பிரசுரங்களாக எழுதி வெளியிட்டார்.

அவர் 1975 முதல் 1978 வரையும், மீண்டும் 1982 முதல் 1986 வரையும் தலைவர். நடுவில் 1978 முதல் 1982 வரை ஜாய்ஸ் ஹாரிஸ். பதவியை விட்டு இறங்கிய ஷீனா எங்கே போனார் என்று தேடினேன். மறுபடி ஆலோசனை அலுவலகத்துக்கே போயிருக்கிறார். இதை எங்கள் ஊரில் யாராவது செய்து பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். நம் சங்கங்களில் முன்னாள் தலைவர் என்றால் மேடையில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டறிக்கைகளில் உதவி தேடி வந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் முதலெழுத்தோடு நிற்கின்றன. அவர்களின் பாதுகாப்புக்காக அப்படிச் செய்தார்கள், அது புரிகிறது. ஆனால் ஜூலு, சோத்தோ, கோசா மொழிகளைப் பெயர்த்துச் சொன்ன கறுப்பினப் பெண்கள் இல்லாமல் அந்த மேசையில் ஒரு வழக்கும் நகர்ந்திருக்காது. வந்தவரின் அச்சத்தைப் போக்கி, கதையை வரிசைப்படுத்தி, எந்த ஆண்டு எந்த முதலாளியிடம் வேலை செய்தார் என்று பிடித்துக் கேட்டவர்கள் அவர்கள். நாளடைவில் வழக்குகளைத் தாங்களே கையாண்டார்கள். தலைவர்களின் பட்டியலில் அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. பயிற்றுநர் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்ற கணக்கை அந்த அறிக்கைகள் சரியாக எழுதவில்லை.

மாலையில் நூலகத்திலிருந்து நடந்து பிராம்ஃபோன்டெயின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். தில்லையாடி வள்ளியம்மையின் சமாதி அங்கே இருக்கிறது. 1913 சத்தியாகிரகத்தில் மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. 1909இல் இறந்த நாகப்பனும் அதே தோட்டத்தில் இருக்கிறார். அவர்களும் அனுமதிச் சீட்டு, பதிவு, எல்லை தாண்டுதல் என்ற இதே வகைச் சட்டங்களை எதிர்த்தே சிறை போனவர்கள். பாஸ் சட்டம் என்பது பிறர் வீட்டு விஷயம் என்று எந்தத் தமிழரும் நினைக்க வேண்டாம்.

விடுதிக்குத் திரும்பும்போது டி வில்லியர்ஸ் தெரு வழியாக வந்தேன். பார்க் ஸ்டேஷனை ஒட்டிய தெரு, சிற்றுந்துகளும் நடைபாதைக் கடைகளும் நெருக்கியடிக்கின்றன. தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் கோட்ஸோ ஹவுஸ் இந்தத் தெருவில்தான் இருந்தது. பிளாக் சாஷின் அலுவலகமும் அதில் இயங்கியது. 1988 ஆகஸ்ட் 31 அன்று அந்தக் கட்டடத்தைக் குண்டுவைத்துத் தகர்த்தார்கள். செய்தது அரசின் பாதுகாப்புக் காவல் படையே என்பது பின்னாளில், இனவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வெளிவந்தது. காவல் துறைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த அட்ரியான் ஃப்ளோக்கே மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார். மனு எழுதிக் கொடுக்கும் அலுவலகத்துக்குக் குண்டு வைக்கும் அளவுக்கு ஓர் அரசு அஞ்சியிருக்கிறது.

புதன், பிரிட்டோரியா

ஒரு நாள் போய்வரும் பயணம். நகரமெங்கும் ஜகரண்டா பூத்துச் சாலைகள் ஊதா நிறமாக இருக்கின்றன. அரசின் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸின் படிக்கட்டுத் தோட்டத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

1955இல் பட்டை அணிந்த பெண்கள் இந்த வளாகத்தில் இரவும் பகலும் முகாமிட்டுக் காத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு 1956 ஆகஸ்ட் 9 அன்று இதே இடத்துக்குச் சுமார் 20,000 பெண்கள் வந்தார்கள். லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபி வில்லியம்ஸ் ஆகியோர் முன்னின்றார்கள். பெண்களும் பாஸ் சுமக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்த அணிவகுப்பு அது. முதல் கூட்டத்துக்கு வாக்குரிமை இருந்தது, இரண்டாவது கூட்டத்தின் பெரும்பகுதிக்கு இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியாகாது. ஆனால் பிளாக் சாஷ் அடுத்த முப்பது ஆண்டுகள் செய்தது இரண்டாவது கூட்டத்தின் வழக்கைத்தான்.

போராட்டக் கூட்டங்களுக்குத் தடை வந்த பிறகு அவர்கள் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. இருவர் சேர்ந்து நின்றாலே கூட்டம் என்று சட்டம் சொன்னால், ஒருவர் மட்டும் பதாகையோடு சாலையோரம் நிற்பார். அடுத்தவர் கண்ணுக்கெட்டும் தொலைவில் தனியே நிற்பார். சட்டத்தை நுணுக்கமாகப் படித்தவர்களுக்கே இப்படி நிற்கத் தோன்றும்.

வெள்ளி, ப்ளூம்ஃபோன்டெயின்

நேற்று பஸ்ஸில் சுமார் 400 கிலோமீட்டர். மக்காச்சோள வயல்கள், பிறகு வெட்டவெளி. நேற்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை.

இந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை. எனக்கோ இந்தப் பயணத்தின் நடுநாயகமே இதுதான். பிரசிடென்ட் பிராண்ட் தெருவில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. அந்நாளில் நாட்டின் உச்சியில் இருந்த மன்றம். ஆலோசனை அலுவலகங்களின் மேசையில் தொடங்கிய இரண்டு வழக்குகள் இங்கே வந்து முடிந்தன.

சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1945ஆம் ஆண்டு நகர்ப்பகுதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு என்பது கறுப்பின மக்களின் தலையெழுத்தாக இருந்தது. நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க ஒருவர் தகுதி காட்ட வேண்டும். அங்கேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்தவர் என்றால் ஓர் உட்பிரிவு. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து பத்து ஆண்டு வேலை செய்தவர், அல்லது சட்டப்படி தொடர்ந்து பதினைந்து ஆண்டு அங்கே வசித்தவர் என்றால் இன்னோர் உட்பிரிவு. அப்படித் தகுதி பெற்றவரின் மனைவி, பிள்ளைகள் என்றால் மூன்றாவது. மற்றவர்கள் தனி அனுமதியில்தான் இருக்க முடியும். ஆலோசனை மேசைக்கு வந்த பெரும்பாலான கேள்விகள் இந்த உட்பிரிவுகளுக்குள்தான் சுழன்றன.

முதல் வழக்கு கொமானி குடும்பத்துடையது. கேப் டவுனில் வேலை செய்து தங்கும் உரிமை பெற்றிருந்த வெலி கொமானி தன் மனைவி நொன்செபாவை அந்நகரின் கறுப்பினக் குடியிருப்பான குகுலெத்துவுக்கு அழைத்து வந்தார். உள்வாடகை அனுமதி இல்லை என்று அந்த அம்மாவை வெளியேறச் சொன்னார்கள். சட்டம் மனைவிக்குக் கொடுத்த உரிமையைக் கீழ்நிலை விதி ஒன்று பறித்தது. வழக்கு கேப் டவுன் ஆலோசனை அலுவலகத்திலிருந்து நகர்ந்தது. அங்கே நீண்ட காலம் முன்னின்றவர் நோயல் ராப். 1979இல் ஆர்தர் சாஸ்கல்சன், ஃபெலிஷியா கென்ட்ரிட்ஜ் முதலானோர் தொடங்கிய லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற பொதுநல வழக்கறிஞர் அமைப்பு வழக்கை எடுத்தது. 1980இல் இந்த மன்றம் அந்த விதி செல்லாது என்றது.

இரண்டாவது, மெஹ்லோலோ டாம் ரிகோட்டோவின் வழக்கு. ஜெர்மிஸ்டனில் ஒரே நிறுவனத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இயந்திரம் ஓட்டியவர். ஆனால் ஆண்டுதோறும் ஊருக்குப் போய் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. அந்த இடைவெளியைக் காட்டி, வேலை தொடர்ச்சியானது இல்லை என்றார்கள். தொடர்ச்சி அறுவதற்காகவே போடப்பட்ட விதி அது. 1983இல் இந்த மன்றம் ஆண்டு விடுப்பு தொடர்ச்சியை அறுக்காது என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தொழிலாளர் பெரும் எண்ணிக்கையில் ஒரே நாளில் தகுதி பெற்றார்கள். அதே ஆண்டே அரசு சட்டத்தைத் திருத்தி, குடும்பத்தை அழைத்து வரும் உரிமையை வீட்டு வசதியோடு முடிச்சுப் போட்டுச் சுருக்கப் பார்த்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது தீர்ப்புக்குப் பின் நடந்தது. பாஸ் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரிகள் தீர்ப்பை மதிக்கவில்லை, இழுத்தடித்தார்கள். ஆலோசனை அலுவலகத்தினர் ஒவ்வொருவரின் வேலைச் சான்றையும் சேர்த்து, கடிதம் எழுதி, திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லிக் கேட்கப் பழக்கினார்கள். வழக்கறிஞர் ஒரு வழக்கை வென்று தருகிறார். அந்த வெற்றியை ஆயிரம் பேரின் பாஸ் புத்தகத்தில் முத்திரையாக மாற்றியவர்கள் இந்த மேசைக்காரர்கள். ஷீனா டங்கன் தலைவராக இருந்த காலம் அது. அவருக்கு இந்த இரண்டு வேலையும் ஒன்றாகத் தெரிந்திருந்தது. 1986இல் பாஸ் சட்டங்களே நீக்கப்பட்டன.

ஒரு செய்தி. 1891இல் போடப்பட்ட சட்டம் ஒன்றால் இந்த மாகாணத்தில் இந்தியர் யாரும் குடியிருக்க முடியாது. அந்தத் தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இன்று நான் இந்த ஊரில் யாரிடமும் அனுமதி கேட்காமல் தங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரவு பஸ்ஸில் கேப் டவுன்.

சனி, கேப் டவுன்

சுமார் 1,000 கிலோமீட்டர். விடியும்போது கரூ பாலைவெளி, பிறகு ஹெக்ஸ் ரிவர் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள். உடம்பு அசதி. மாலையில் நகர மண்டபத்தின் முன்னால் இருக்கும் மைதானம் வரை நடந்தேன். 1990 பிப்ரவரி 11 அன்று சிறையிலிருந்து வந்த மண்டேலா இந்த மாடத்தில் நின்று பேசியபோது, வெள்ளையினத் தென்னாப்பிரிக்கரின் மனசாட்சியாக இருந்தவர்கள் என்று பிளாக் சாஷைப் பெயர் சொல்லி வாழ்த்தினார்.

ஞாயிறு, லங்கா

லங்கா இந்த நகரத்தின் பழைய கறுப்பினக் குடியிருப்பு. பாஸ் அலுவலகமும் பாஸ் நீதிமன்றமும் இருந்த கட்டடம் இப்போது சிறு அருங்காட்சியகம். வழிகாட்டிய இளைஞர் தம் பாட்டியின் புத்தகத்தின் நகலைக் காட்டினார். விசாரணை ஒருவருக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்றார். பேச வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அபராதமோ சிறையோ அறிவிக்கப்பட்டுவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுப்பதுதான் பிளாக் சாஷின் அத்லோன் ஆலோசனை அலுவலகத்தின் வேலையாக இருந்தது.

லங்காவிலிருந்து அத்லோன் வழியாகத் திரும்பினேன். காரோட்டியவர் வழிநெடுக ரக்பி பேசினார். எனக்கு ரக்பி தெரியாது, கேட்டுக்கொண்டே வந்தேன்.

திங்கள், மௌப்ரே

பிளாக் சாஷின் தேசிய அலுவலகம் மௌப்ரே பகுதியில் இருக்கிறது. தலைமை ஜோகன்னஸ்பர்கிலிருந்து இந்த நகரத்துக்கு வந்தது 1986இல் மேரி பர்ட்டன் தலைவரானபோது. அவர் அர்ஜென்டினாவில் பிறந்தவர், திருமணமாகி இங்கே வந்து, 1965இல் சங்கத்தில் சேர்ந்தவர். அவசரநிலைச் சட்டம் நாடெங்கும் அமலில் இருந்த காலம். ஆலோசனை அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கேள்வி மாறிவிட்டது. என் பையன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்று தாய்மார்கள் கேட்டார்கள். பர்ட்டன் பின்னாளில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் உறுப்பினரானார். தம் அமைப்பின் அலுவலகத்தைத் தகர்த்தவர்களின் விண்ணப்பங்களும் அதே ஆணையத்தின் முன்புதான் வந்தன. 1990இல் ஜென்னி டி டோலி தலைவரானார்.

அதற்கு முன்பே ஒரு பெரிய முடிவு எடுத்திருந்தார்கள். 1983 மாநாட்டில், வெள்ளையின இளைஞரைக் கட்டாயமாக இராணுவத்தில் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கட்டாயச் சேர்ப்பை எதிர்க்கும் இயக்கம் பிறக்க அது வழி செய்தது. மாநாட்டில் கை உயர்த்திய பலரின் சொந்தப் பிள்ளைகளுக்கு அழைப்பாணை வரும் வயது. சட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் உண்டு. சட்டத்தை அன்றாடம் மேசையில் பார்க்கிறவர்களால் அதன் துப்பாக்கி முனையைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

ஆனால் தலைமை வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் 1995இல் நடந்தது. ஜனநாயகம் வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளாக நடத்திய உறுப்பினர் சங்கத்தைக் கலைத்தார்கள். தன்னார்வ வெள்ளையினப் பெண்களின் அமைப்பாக நீடிப்பதில் பொருள் இல்லை என்று கண்டு, அறக்கட்டளையாக மாற்றி, சம்பளம் பெறும் முழுநேரப் பணியாளர்களின் கையில் ஒப்படைத்தார்கள். பாராலீகல்களுக்கான, அதாவது வக்கீல் அல்லாத சட்ட உதவியாளர்களுக்கான, தடித்த கையேடு ஒன்றை வேறொரு பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிப் பரப்பினார்கள். முன்பு தலைவர்கள் மனத்தில் வைத்திருந்தது இப்போது யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும் பக்கங்களாகிவிட்டது. புகழின் உச்சியில் இருக்கும்போது நாற்காலிகளையே எடுத்துவிடச் சம்மதித்த அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம்மூர்ச் சங்கங்களில் தேர்தலில் தோற்றவர்கள்கூடச் சாவியைத் தர மறுப்பதைப் பார்த்தவன் நான்.

கலைத்ததில் இழப்பும் உண்டு. உறுப்பினர் சங்கத்தில் தலைவரை மாநாடு கேள்வி கேட்கும். அறக்கட்டளையில் அந்த இடத்தை நிதி தருபவர்களும் அறங்காவலர்களும் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. இதைப் பற்றி இங்கே பேசிய ஒருவரோடு நெடுநேரம் வாதிட்டேன். பணி தொடர்ந்ததே முக்கியம் என்பது அவர் கட்சி.

அவர் சான்றாகச் சொன்னது 2017 வழக்கு. தென்னாப்பிரிக்காவில் சுமார் 1 கோடியே 70 லட்சம் சமூக உதவித்தொகைகள் மாதந்தோறும் வழங்கப்பட்டு வந்தன. அதை விநியோகிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்த ஒப்பந்தம் செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசமும் கொடுத்திருந்தது. 2017 மார்ச் 31 கெடு. கெடு நெருங்கியும் அரசிடம் ஏற்பாடு இல்லை. ஏப்ரல் முதல் தேதி கிழவிகளுக்குப் பணம் வருமா என்றே தெரியாத நிலை. லினெட் மார்ட் இயக்குநராக இருந்த பிளாக் சாஷ் நீதிமன்றம் போனது. மார்ச் 17 அன்று, பணம் தடைபடக் கூடாது, நீதிமன்றமே மேற்பார்வையிடும் என்று உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டு, துறை அமைச்சர் பத்தபிலே ட்லமினி வழக்குச் செலவில் 20 சதவீதத்தைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்றும் மன்றம் சொன்னது.

இந்த வழக்குக்கும் பழைய வழக்குகளைப் போலவே மேசைதான் வேர். 2013 முதலே ஆலோசனை அலுவலகங்களுக்குப் புகார்கள் வந்துகொண்டிருந்தன. உதவித்தொகையிலிருந்து கேட்காத செல்பேசிக் கட்டணம், மின்சாரம், கடன் தவணை என்று பிடித்துக்கொள்கிறார்கள் என்று. ஊர் ஊராகப் பாராலீகல்கள் ரசீதுகளைச் சேர்த்தார்கள். அந்த ரசீதுகளின் பலத்தில்தான் பெரிய இயக்கம் எழுந்தது.

செவ்வாய், கேப் ஃபிளாட்ஸ்

மணற்பாங்கான சமவெளியில் ஒரு குடியிருப்பு. தேவாலயத்தின் பக்கவாட்டு அறையில் ஆலோசனை அலுவலகம் நடக்கிறது. இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், சுவரோரம் பெஞ்சு. காலை எட்டு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாராலீகல் அம்மா நடத்துகிறார். பெயர் போட வேண்டாம் என்றார்.

மதியம் வரை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். வேலையிலிருந்து நீக்கப்பட்ட காவலாளி, பிள்ளையின் பிறப்புச் சான்றில் பெயர் தவறாக இருக்கும் தாய், ஓய்வூதியம் நின்றுபோன கிழவர். அந்த அம்மா யாரையும் முதலில் ஆவணம் கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்கிருந்து நடந்து வந்தீர்கள் என்று கேட்கிறார். பிறகு தேதிகளை வரிசையாக எழுதுகிறார். என் வகுப்புகளில் நான் நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், முதலில் ஆவணம் என்று. இவருடைய வரிசையில் வேலை விரைவாகவே முடிகிறது.

மதியச் சாப்பாட்டின்போது சங்கத்தைப் பற்றிக் கேட்டேன். பாராலீகல்களுக்கென்று 1990களில் உருவான தேசியச் சங்கம் நிதியும் நிர்வாகமும் சரிந்து மறைந்த கதையை அவர் சுருக்கமாகச் சொன்னார். இப்போது ஆலோசனை அலுவலகங்களின் சங்கம் ஒன்று இருக்கிறது.

"அம்மா, அந்தப் பழைய சங்கம் ஏன் நிலைக்கவில்லை?" என்றேன்.

"தலைநகரத்துக் கூட்டங்களுக்குப் போனவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள் ஐயா. பெஞ்சில் யார் காத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. எங்களுக்கு மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை."

2014ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டம், பாராலீகல்களுக்குச் சட்டப்பூர்வ அங்கீகாரம் தருவது பற்றிப் புதிய கவுன்சில் இரண்டு ஆண்டுகளுக்குள் அமைச்சருக்குப் பரிந்துரை அளிக்க வேண்டும் என்றது. அங்கீகாரம் வந்தால் தேர்வு, பதிவு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் வரும். அந்த அம்மாவுக்கு அங்கீகாரம் வேண்டும். சம்பளமும் மரியாதையும் அதனோடுதான் வரும் என்கிறார். ஆனால் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவில் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் மட்டும் உட்கார்ந்துவிடுவார்களோ என்ற கவலையும் இருக்கிறது. இருபது ஆண்டு பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுத்துத் தேர்வில் தோற்றால் என்ன செய்வது என்று கேட்டார்.

என் கருத்தைச் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். மேசையில் கழித்த ஆண்டுகளைத் தகுதியாகக் கணக்கிட வேண்டும். குழுவில் பாதிக்கு மேல் மேசைக்காரர்கள் இருக்க வேண்டும். தலைவர் பதவிக்கு வருகிறவர் குறைந்தது ஐந்து ஆண்டு ஆலோசனை அலுவலகத்தில் வேலை செய்திருக்க வேண்டும், பதவி முடிந்ததும் அங்கே திரும்ப வேண்டும். ஷீனா டங்கன் இதை எந்த விதியும் இல்லாமல் செய்தார். எல்லாரும் அவராக இருக்க மாட்டார்கள், ஆகவே விதியில் எழுதிவிடுவதே நல்லது. ஐந்து ஆண்டு போதாது, எட்டு வேண்டும் என்று அந்த அம்மா திருத்தினார்.

நாளை காலை அவர் புதிய பாராலீகல்களுக்கு எடுக்கும் வகுப்பில் உட்கார அனுமதி வாங்கியிருக்கிறேன். மறுக்கப்பட்ட உதவித்தொகைக்கு மேல்முறையீடு எழுதுவது பாடம். 90 நாள் கெடுவை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில் தொடங்குகிறார்.